பனியன் பெட்டியில் வந்த டைல்ஸ்

டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் என் அனுதாபம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வேலை இதுதான். கரண்ட் வேலை செய்பவரிடம் போய் 'அந்த ஒயரை இப்படி இழு' என்று எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். ஷாக் அடிக்கும் என்ற பயம் உண்டு. நம் சுவர் யாரையும் ஷாக் அடிக்காது. அதனால் வீட்டுக்காரர், அவருடைய மச்சான், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று எல்லாரும் நமக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பார்கள். 'லேசா சாஞ்ச மாதிரி இருக்குதுங்களே' என்பார்கள். சாய்ந்திருப்பது அவர்கள் கழுத்து. அதைச் சொல்லக் கூடாது.

முப்பத்திரண்டு வருஷம் திருப்பூரில் டைல்ஸ் ஒட்டினேன். இப்போது முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கரணையைக் கீழே வைத்துவிட்டேன். நம் சங்கத்தில் 'புதுசா வர்றவங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க' என்றார்கள். எப்படி ஒட்டுவது என்று எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் போனில் வீடியோ இருக்கிறது. அந்த வீடியோவில் வருகிற சுவரெல்லாம் நேராக இருக்கும், வீட்டுக்காரரும் இருக்க மாட்டார். பாக்கியவான்கள். வேலையில் எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதை மட்டும் எழுதுகிறேன். இரண்டையும் நான் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்கள் பேசும் மரியாதையில் மயங்கிப் போனேன். எங்கள் பக்கம் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். இங்கே கோபம் வந்தால் மரியாதை கூடும். முதலாளி ஒரு பேச்சுக்கு ஒரு 'ங்க' போட்டால் சும்மா பேசுகிறார். நாலு 'ங்க' போட்டால் நாம் ஏதோ பெயர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. இது புரிய எனக்கு இரண்டு குளியலறை ஆனது.

இனி திருப்பூர் நல்லூரில் ஒட்டிய ஒரு சமையலறைக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. ஒரு பனியன் கம்பெனி முதலாளி, நல்ல மனிதர், வீட்டுச் சமையலறையை இடித்துப் புதுசாக்கினார். மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை உறுதி செய்ய வருகிறார்கள். வருகிறவர்கள் பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நாம் நினைப்போம். அடுப்பு மேடைக்கு மேலே இருக்கிற இரண்டடிச் சுவரைத்தான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

டைல்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி சாந்தாமணி அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எண்ணெய் தெறிச்சாத் தொடைச்சு எடுக்கறாப்பல இருந்தாப் போதுமுங்க. இந்தப் பூவு, காப்பிக் கோப்பை படமெல்லாம் வேண்டாமுங்க."

அந்தச் சுவருக்கு முன்னால் தினமும் மூன்று வேளை நிற்கப் போகிறவர் அவர். மொத்தப் பேச்சிலும் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான். அதனால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. முதலாளி பால் வெள்ளைக்குப் பக்கத்து நிறத்தில் மூன்று டைல்களைத் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு நேராகத் தன் கம்பெனிக்குப் போனார்.

கம்பெனியில் ஒரு லைட் பாக்ஸ் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற துணியின் நிறம் சரியா என்று பார்க்கிற பெட்டி. உள்ளே பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று தனித்தனி விளக்கு. ஒரு சுவிட்சைத் தட்டினால் லண்டன், இன்னொன்றைத் தட்டினால் திருப்பூர். நான் போனபோது முதலாளி அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இங்க வந்து பாருங்க. நடுவால இருக்கறது கடை லைட்டுல மஞ்சள் அடிக்குதுங்க."

"சமையக்கட்டுல எந்த லைட்டுங்க போடப் போறீங்க?"

"டியூப் லைட்டுத்தானுங்க."

அப்புறம் எதற்கு லண்டன் என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் பார்த்து ஒன்றை முடிவு செய்தார். அதன் முதுகில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, கம்பெனி முத்திரை குத்தி, பாலிதீன் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "இதுதானுங்க அப்ரூவ்டு சாம்பிள். வேலை முடியற வரைக்கும் பத்திரமுங்க" என்றார். பனியன் தொழிலில் அப்படித்தான். வாங்குகிறவன் ஒப்புக்கொண்ட துணியை முத்திரை போட்டு வைத்துக்கொண்டு, கடைசி வரை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே வாங்குகிறவரும் இவர்தான், ஒப்புக்கொண்டவரும் இவர்தான்.

அந்த வாரம் முழுக்க நல்லூர் டீக்கடையில் நான்தான் ஹீரோ. முத்திரை குத்திய டைலை வெளியே எடுத்துக் காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள். பனியன்காரனுக்கு உலகமே பனியன் என்று நான் சொல்ல, இரண்டு டீ இலவசமாகக்கூட வந்தது. நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை காலை என் ஆள் ராஜுவோடு வேலைக்குப் போனேன். ராஜு பீகார்காரன், என்னோடு ஒன்பது வருஷம் இருந்தவன், வேலையில் என்னைவிடக் கை சுத்தம். ஹாலில் எக்ஸ்போர்ட் அட்டைப் பெட்டிகள் எட்டு அடுக்கியிருந்தன. ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தின் பெயர் அச்சடித்த பெட்டிகள். திறந்தால் உள்ளே நம் டைல்ஸ். ஒவ்வொன்றையும் துடைத்து, இடையில் மெல்லிய காகிதம் வைத்து, குழந்தைக்குச் சட்டை மடித்து வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"கடைக்காரங்க சரக்கை நேரா கம்பெனிக்கு எறக்கச் சொல்லிட்டனுங்க. நம்ம செக்கிங் செக்சன்ல ஒண்ணு விடாமப் பாத்துட்டாங்க. மூலை ஒடஞ்சது, கீறல் விழுந்தது எல்லாம் தனியா எடுத்தாச்சுங்க."

"பழைய பெட்டிங்க?"

"அது வேஸ்ட் வியாபாரிக்குப் போயிருச்சுங்க."

இங்கேதான் தம்பிகளே, நான் நின்றிருக்க வேண்டும். டைல்ஸ் கம்பெனிப் பெட்டியில் ஷேட் நம்பர் என்று ஒன்று அச்சடித்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே டைல், ஒரே பெயர். ஆனாலும் சூளையில் ஒவ்வொரு தடவை வெந்து வரும்போதும் நிறம் ஒரு பொட்டு மாறும். அந்த நம்பரைப் படிக்காமல் ஒரு பெட்டியைக்கூட நான் அதுவரை திறந்ததில்லை. அன்றைக்கு நம்பரே இல்லை. கடைக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றே ஆரம்பித்தால்தான் வெள்ளிக்கிழமைக்கு முடியும். அதோடு, இந்தக் கூத்தைப் பற்றி டீக்கடையில் எப்படிச் சொல்வது என்றுதான் என் புத்தி போய்க்கொண்டிருந்தது.

பெட்டிகளைத் தூக்கி வைத்த ராஜு, பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததைக் காட்டினான். ஐந்து பெட்டியில் 'ஏ'. மூன்று பெட்டியில் 'பி'. கொட்டை எழுத்து.

"மேஸ்திரி, இது ஏ, பி என்னா?"

"பனியன் சைஸ் போட்டிருப்பாங்கடா. ஏ அம்மாவுக்கு, பி அய்யாவுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். டைல்ஸை எல்லாம் வெளியே எடுத்து ஒரே அடுக்காக அடுக்கினோம். பெட்டிகளைக் கிழித்து, புதுத் தரையில் கீறல் விழாமல் இருக்க விரித்துப் போட்டோம். கைக்கு வந்ததை எடுத்து ஒட்டினேன். தூசி வெளியே போகக் கூடாதென்று ஜன்னலில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். பல்பு வெளிச்சத்தில் சுவர் தகதகவென்று இருந்தது. சாயங்காலம் முதலாளி வந்து முத்திரை டைலை அங்கங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "பட்டுத் துணியாட்ட இருக்குதுங்க" என்றார். மட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நான் இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

புதன்கிழமை காலை தார்ப்பாயை அவிழ்த்தேன். வெயில் உள்ளே வந்தது. சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. ஒன்று பால் வெள்ளை, பக்கத்தில் ஒன்று பழுப்பு, மறுபடி இரண்டு வெள்ளை, மேலே மூன்று பழுப்பு. சாந்தாமணி அம்மா எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்ணா, தொடைச்சும் போகாத கறையாட்ட இருக்குதுங்களே."

"ஈரமுங்கம்மா. காஞ்சா ஒண்ணாயிரும்."

வாய் தானாகச் சொன்னது. உங்களுக்கும் இந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்லித் தந்திருப்பார்கள். நம் தொழிலில் எல்லாத் தப்புக்கும் ஈரம்தான் பொறுப்பு. "அப்படீங்களா" என்றார் அந்த அம்மா. இந்த ஊரில் ஒரு பெண்மணி உங்களைப் பார்த்து 'அப்படீங்களா' என்று மெதுவாகச் சொன்னால், அவர் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. காப்பியை வைத்துவிட்டுப் போய்க் கணவரைக் கூட்டிவந்தார்.

முதலாளி முத்திரை டைலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் சிவந்தது. "இதென்னுங்க, எப்படீங்க, ரெண்டு ஷேடுங்க" என்று 'ங்க' வரிசையாக வந்தது. எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் ஆச்சரியம், அது என் மேல் வரவில்லை. நான் டைல்ஸ்காரன், ஒட்டத்தான் தெரியும், நிறம் பார்ப்பது என் வேலை இல்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். பனியன் தொழிலில் ஷேட் மாறினால் தையல்காரரைத் திட்ட மாட்டார்கள். செக்கிங்கில் பாஸ் பண்ணியது யார் என்றுதான் கேட்பார்கள். போனை எடுத்தார். கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். பத்து நிமிஷத்தில் முத்துலட்சுமி வந்து நின்றாள்.

செக்கிங் செக்சனைப் பார்த்துக்கொள்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிசிறு நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். பேச்சைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. அவளையும் பாலிடெக்னிக்கில் படிக்கிற மகனையும் தவிர வீட்டில் யாரும் இல்லை. குடியிருப்பது முதலாளி கட்டி விட்டிருக்கிற லைன் வீட்டில். அங்கே கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் இடம். வேலை போனால் அன்றைக்கே வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும்.

"ஏனுங்க முத்துலட்சுமி, பதினோரு வருஷமா செக்கிங் பண்றீங்க. இது உங்க கண்ணுல படலீங்களா?"

அவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு ஷேடு வந்துச்சுங்க சார். ஏ, பின்னு பிரிச்சு பெட்டியில எழுதித்தான் அனுப்புனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, பெட்டியில ஏதாச்சும் எழுதியிருந்துச்சுங்களா?"

அந்தப் பெட்டி அட்டையின் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். மற்ற அட்டைகளில் எழுத்து தரையைப் பார்த்துக் கிடந்தது. என் வலது காலுக்கு அடியில் மட்டும் 'பி' என்ற எழுத்து. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் காலை அங்கே நகர்த்தி வைத்ததே நான்தான்.

"பெட்டியெல்லாம் நேத்தே கிழிச்சாச்சுங்களே" என்றேன்.

பாருங்கள், இதில் பொய் ஒன்றும் இல்லை. கிழித்தது நிஜம். இப்படி நிஜமாகவே ஒரு பொய்யைச் சொல்ல முப்பது வருஷ அனுபவம் வேண்டும்.

முத்துலட்சுமி திரும்பி ஹால் கடிகாரத்தைப் பார்த்தாள். முதலாளி பேசினார். மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார். நம்பி ஒப்படைத்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை வருகிறவர்களைச் சொன்னார். ஊட்டு வேலையிலேயே இப்படி என்றால் எக்ஸ்போர்ட் சரக்கு என்ன கதியோ என்றார். அவள் நடுநடுவே "மன்னிச்சிருங்க சார்" என்றாள். கடைசியில் அவர் சொன்னார்: "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க."

ராஜு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் என்ன நடக்கிறது என்று அவனுக்கு முழுசாகப் புரிந்திருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். அந்தத் தெருவில் எனக்கு இன்னும் மூன்று வீட்டு வேலை வர வேண்டியிருந்தது. மேஸ்திரிக்கு ஏ, பி படிக்கத் தெரியாது என்று ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். டீக்கடையை நினைத்தேன். அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிடும், திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம் என்றுகூட நினைத்தேன். அடுத்தவர் பிழைப்பு போகும்போது நமக்கு எவ்வளவு தெளிவாக யோசனை வருகிறது பாருங்கள்.

அவள் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, கத்தரியை முதலாளியிடம் நீட்டினாள். அது கம்பெனிக் கத்தரி. அதைப் பார்த்ததும்தான் என்னால் முடியவில்லை. காலை எடுத்தேன்.

"மொதலாளி, இந்தாங்க பெட்டி. எழுதியிருக்குங்க. பிரிச்சுத்தான் அனுப்பியிருக்காங்க. நாந்தான் பாத்துட்டுச் சிரிச்சேன். ரெண்டையும் கலந்து ஒட்டுனதும் நாந்தான்."

முதலாளி குனிந்து அட்டையைப் பார்த்தார். அதன் மேல் என் செருப்புத் தடம் அச்சாக விழுந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, கையில் வாங்கியிருந்த கத்தரியை அவளிடமே கொடுத்தார். என்னைப் பார்த்து, என் முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் முதல் முறையாக, 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"பேத்து எடு."

எடுத்தேன். முந்தின நாள் ஒட்டியதுதான் என்பதால் பாதிக்கு மேல் உடையாமல் வந்தது. பனியன் வெட்டும்போது வீணாகும் என்று கூடுதலாக வெட்டுவார்கள். அதே பழக்கத்தில் முதலாளி டைல்ஸையும் கூடுதலாக வாங்கிப் போட்டிருந்தார். அதற்கும் நான் டீக்கடையில் சிரித்திருந்தேன். அதுதான் காப்பாற்றியது. ஆனாலும் அடுப்பு மேடைச் சுவர், அதை ஒட்டி மூலையில் திரும்பும் சிங்க் சுவர் இரண்டுக்கும் 'ஏ' மட்டும் காணாது.

"ஒரே பீஸ்ல ரெண்டு ஷேடு வரக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றாள் முத்துலட்சுமி. "அடுப்புச் சுவர் ஒரு பீஸு, சிங்க் சுவர் ஒரு பீஸு. மூலையில மாத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

வெளிச்சம் திரும்பும் மூலையில் நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் சுவரோடு கிடந்த எனக்குத் தோன்றாதது அது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பனியனில் ஓட்டையைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒவ்வொரு 'பி' டைலிலும் ஒட்டி, மத்தியானத்துக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சாந்தாமணி அம்மா வந்து, கையிலிருந்த துணியால் ஒரு டைலைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, இது போதுமுங்க" என்றார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், ஹாலில் உட்கார்ந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், நாள் குறித்தார்கள், போய்விட்டார்கள். சமையலறைப் பக்கம் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். லண்டன் வெளிச்சம் எல்லாம் வீண்.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷன் என்பார்கள். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால், புதன்கிழமை மத்தியானம் வரைக்கும். பிரித்து முடித்துவிட்டு முத்துலட்சுமி கம்பெனிக்குக் கிளம்பினாள். கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

"அண்ணாச்சி, பெட்டி உங்க காலுக்கடியிலதான் கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உள்ள வந்ததுமே பாத்துட்டேன். எழுத்து பாதி வெளியில தெரிஞ்சுது."

"பெறகு ஏம்மா சொல்லல?"

"நான் காட்டிக் குடுத்தா உங்களுக்கு இந்தத் தெருவுல அதுக்கப்புறம் வேலை கெடைக்காது. நீங்களா சொன்னா ரெண்டு பேரும் பொழச்சுக்கிடலாம்னு தோணுச்சு. ஹால்ல கடிகாரம் இருந்துச்சுல்ல. அஞ்சு நிமிசம் பாப்போம், அதுக்கு மேல நாமளே சொல்லிருவோம்னு இருந்தேன்."

"நான் எத்தன நிமிசத்துல சொன்னேன்?"

"நாலு."

அவள் கேட்டைத் திறந்தாள். கோபமாகப் பேசவில்லை. ஷிப்டு நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அதுக்குள்ள மூணு தடவ மன்னிப்புக் கேட்டுட்டேன், அண்ணாச்சி. அதத் திருப்பி வாங்க முடியாதுல்ல?"

முடியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.